ஓர் இட்லியின் பயணம்: தாராவி, மாட்டுங்கா, செம்பூர்

மும்பையில் காலை நேரத்தில் தெருமுனையில் நின்றால் ரப்பர் பந்து வைத்த ஹாரனின் சத்தம் கேட்கும். சைக்கிளின் பின்சீட்டில் மூடி போட்ட பெரிய அலுமினியப் பாத்திரம், ஹேண்டில்பாரில் ஒரு பக்கம் சாம்பார் தூக்கு, மறுபக்கம் சட்னி வாளி. பால் கடை வைத்திருக்கும் குஜராத்தியும், இரவுக் காவல் முடித்துத் திரும்பும் பீகாரியும், காவல் நிலையத்து மராத்தியும் “அண்ணா” என்று கூப்பிட்டு வண்டியை நிறுத்துவார்கள். நின்றபடியே சாப்பிட்டுக் கையைக் கழுவிவிட்டு வேலையைப் பார்க்கப் போவார்கள். இப்படி விற்கும் இட்லிகளில் மிகப் பல, தாராவியின் சந்து வீடுகளில் அவித்தவை.

அதை அவித்தவர் யார் என்று சாப்பிட்டவருக்குத் தெரியாது. தெரியாமலே அவர் பசி தீர்ந்துவிடுகிறது. இப்படி ஒருவரை ஒருவர் அறியாதவர்கள் ஒருவரையொருவர் நம்பி வாழ்வதால்தான் பெருநகரம் நடக்கிறது. அது எப்படி நடக்கிறது, அதில் யாருக்கு என்ன கிடைக்கிறது, யாருடைய பங்கு கண்ணில் படாமல் போகிறது என்று கேட்பதுதான் சமூகவியல்.

1986இல் ‘பொருள்களின் சமூக வாழ்க்கை’ என்ற தொகுப்பு நூல் வெளிவந்தது. தொகுத்தவர் அர்ஜுன் அப்பாதுரை. 1949இல் பம்பாயில், தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர். அவருடைய தந்தை எஸ். ஏ. ஐயர், நேதாஜியின் ஆசாத் ஹிந்த் அரசில் அமைச்சராக இருந்தவர். அந்த நூலில் இகோர் கோபிடாஃப் எழுதிய கட்டுரை, ஒரு மனிதரைப் பற்றி விசாரிப்பதைப்போலவே ஒரு பொருளைப் பற்றியும் விசாரிக்கச் சொன்னது. எங்கே பிறந்தது, யார் கையில் வளர்ந்தது, எப்போது விலைக்கு வந்தது, எந்தக் கட்டத்தில் அதன் மதிப்பு மாறியது? சமூகவியல் பாடப்புத்தகங்கள் செயற்பாட்டுவாதம், முரண்பாட்டுவாதம், குறியீட்டு ஊடாட்டவாதம் என்று கோட்பாடுகளைத் தனித்தனி அத்தியாயங்களாக வைக்கும். ஒரு தாராவி இட்லியின் பின்னால் நடந்தால் அவை எல்லாம் ஒரே வழியில் எதிர்ப்படும்.

கொப்பரையடியில்

19ஆம் நூற்றாண்டின் இறுதியில் தோல் பதனிடும் தொழில் பம்பாயின் அன்றைய விளிம்பான மாஹிம் கழிமுகத்தை ஒட்டிய தாராவிக்கு இடம்பெயர்ந்தது. திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் வியாபாரத்தில் இருந்த தமிழ் முஸ்லிம்கள் வந்தார்கள். தோல் கொட்டில்களில் வேலை செய்ய ஆதிதிராவிடர்கள் வந்தார்கள். பின்னால் மற்றச் சாதியினரும் மற்ற மாவட்டத்தாரும் சேர்ந்தார்கள். சதுப்பு நிலத்தைக் குப்பையும் மண்ணும் கொட்டி மேடாக்கி வீடு கட்டிக்கொண்டவர்கள் அவர்களே. இன்று தோல் பதனிடுதல் அங்கே ஏறக்குறைய ஓய்ந்துவிட்டது. தமிழர்கள் இருக்கிறார்கள், அவர்களோடு இட்லி இருக்கிறது.

அதன் பிறப்பு முந்தைய நாளே தொடங்கிவிடும். புழுங்கலரிசியும் உளுந்தும் தனித்தனியாக ஊறும். கோயம்புத்தூர் கிரைண்டர் அறையின் ஒரு மூலையை எடுத்துக்கொள்ளும். உளுந்தில் கூடவே வரும் லியூகோனாஸ்டாக் என்ற பாக்டீரியா இரவெல்லாம் வேலை செய்து மாவைப் பொங்கவைக்கும். மே மாதப் புழுக்கத்தில் மாவு சீக்கிரம் புளித்துவிடும், ஜனவரியில் பொங்கவே மனம் வராது. இரண்டுக்கும் தக்கபடி உப்பையும் தண்ணீரையும் நேரத்தையும் மாற்றத் தெரிந்தது இட்லி அவிக்கும் பெண்ணின் கை. குழாயில் தண்ணீர் வரும் கொஞ்ச நேரத்துக்குள் பிடித்து வைத்தாக வேண்டும். பின்னிரவில் அடுப்பு மூட்டி, தட்டுக்குத் துணி போட்டு, ஈடு ஈடாக ஊற்றி இறக்க வேண்டும்.

சைக்கிள்காரர் வாசலில் வந்து நின்று கேட்பார்: “மயினி, இன்னைக்கு ரெண்டு ஈடு கூட ஊத்துங்க. லீவு முடிஞ்சு ஆபீஸெல்லாம் தொறக்கு.”

உள்ளிருந்து பதில் வரும்: “நேத்தே சொல்லியிருந்தா உளுந்து கூடப் போட்டிருப்பேம்லா. இருக்கத வச்சு ஊத்துதேன்.”

மயினி, அதாவது அண்ணி, என்று கூப்பிடும் சைக்கிள்காரர் உண்மையில் கொழுந்தனாக இருக்க வேண்டியதில்லை. ஒரே ஊர்க்காரர் என்பது போதும். எமில் துர்கைம் 1893இல் எழுதிய ‘சமூகத்தில் வேலைப் பகுப்பு’ நூல் இரண்டு வகைப் பிணைப்புகளைப் பிரித்துக் காட்டியது. ஒரே மண், ஒரே வழக்கம், ஒரே சாமி என்று ஒத்திருப்பதால் வரும் பிணைப்பு ஒன்று. ஒருவர் வேலை மற்றவருக்குத் தேவைப்படுவதால் வரும் பிணைப்பு இன்னொன்று. மரபான சமூகத்தின் முதல் வகையிலிருந்து நவீன சமூகத்தின் இரண்டாம் வகைக்கு உலகம் நகர்கிறது என்றார். தாராவியில் இரண்டும் ஒரே வாசலில் நிற்கின்றன. மயினி என்று கூப்பிடும் உறவில் பாத்திரம் கைமாறுகிறது. அடுத்த அரை மணியில் அது முகம் தெரியாத நகரத்தின் பசிக்குப் போகிறது.

சமூகத்தின் ஒவ்வொரு பகுதியும் மொத்தத்தைத் தாங்க என்ன செய்கிறது என்று கேட்பது செயற்பாட்டுவாதம். ராபர்ட் மெர்ட்டன் 1949இல் அதைக் கூர்மையாக்கினார்: வெளிப்படையான பயன் ஒன்று, யாரும் திட்டமிடாத உட்பயன் ஒன்று. சைக்கிள்காரர் கொண்டுபோவது காலைச் சாப்பாடு. அவர் மூலமே எந்தக் கடையில் ஆள் தேவை, எங்கே அறை காலி, ஊரில் யாருக்குப் பெண் பார்க்கிறார்கள் என்ற செய்தியும் தாராவிக்குத் திரும்பி வருகிறது. ஊரிலிருந்து புதிதாக வந்து இறங்குகிற பையனுக்கு நகரத்தின் வழிகளைப் பழக்குவதும் அந்தச் சைக்கிள்தான்.

ஆனால் எல்லாம் ஒன்றையொன்று தாங்கி நிற்கிறது என்று சொல்லி முடித்துவிட முடியாது. மாட்டுங்காவுக்கு அடுத்த தாதர் இந்து காலனியில் ராஜகிருஹம் என்ற வீட்டில் வாழ்ந்த அம்பேத்கர், 1936இல் ‘சாதி ஒழிப்பு’ நூலில் இந்த நிம்மதியைக் குலைத்தார். சாதி வேலையை மட்டும் பிரிக்கவில்லை, வேலை செய்பவர்களையே பிரித்து மேல்கீழாக அடுக்குகிறது என்று அவர் காட்டினார். தோல் கொட்டிலுக்கு யார் வந்தார்கள், அலுவலக மேசைக்கு யார் வந்தார்கள் என்பதைத் திறமையும் விருப்பமும் தீர்மானிக்கவில்லை. ஒரே தமிழ்நாட்டிலிருந்து ஒரே ரயிலில் வந்தவர்கள் தாராவியிலும் மாட்டுங்காவிலும் தனித்தனியாக இறங்கினார்கள் என்றால், அந்தப் பிரிவினை ரயில் ஏறுமுன்பே நடந்துவிட்டது.

இன்னொரு கேள்வியும் கொப்பரையடியிலேயே எழுகிறது. மரியா மீஸ் 1982இல் ஆந்திரத்தின் நர்சாபூர் லேஸ் பின்னும் பெண்கள் பற்றி ஒரு நூல் எழுதினார். உலகச் சந்தைக்குச் சரக்கு செய்யும் பெண்கள், வீட்டுக்குள் இருந்து செய்வதால் ‘வீட்டோடு இருப்பவர்கள்’ என்றே கணக்கில் போனார்கள். இட்லி அவிக்கும் பெண்ணுக்கும் அதே நிலைமைதான். பிள்ளைக்குக் கட்டிக்கொடுக்கும் இட்லியும் விற்பனைக்குப் போகும் இட்லியும் ஒரே கொப்பரையில் வேகின்றன. எது வேலை, எது குடும்பக் கடமை என்று பிரித்துக் கூலி போட முடியாததாலேயே அவளுடைய உழைப்பு மலிவாகிவிடுகிறது. பெண்ணியச் சமூகவியல் சொல்லும் அடிப்படை இது: வீட்டு வாசல் சமூகத்தின் எல்லைக்கோடு ஆகாது, பொருளாதாரம் அடுப்படி வரை நீள்கிறது.

சைக்கிளில்

தாராவி 90 அடிச் சாலையைத் தாண்டிச் சயான் பக்கம் திரும்பியதும் இட்லிக்கு ஊர் இல்லாமல் போகிறது. அது இனி ஒரு பிளேட், ஒரு விலை.

மார்க்ஸ் 1867இல் ‘மூலதனம்’ முதல் பாகத்தில் சொன்னது இதற்கு அப்படியே பொருந்தும். சந்தைக்கு வந்த பொருளில் விலை தெரிகிறது, உழைத்த கை மறைகிறது. மனிதர்களுக்கு இடையிலான உறவு பொருள்களுக்கு இடையிலான உறவாகத் தோற்றம் கொள்கிறது. முரண்பாட்டுவாதத்தின் வேர் இது. பம்பாய்ப் பல்கலைக்கழகத்தில் இந்தப் பார்வையை ஊன்றியவர் ஏ. ஆர். தேசாய். அவரும் எஸ். தேவதாஸ் பிள்ளையும் சேர்ந்து 1972இல் ஓர் இந்தியச் சேரியைப் பற்றி முழு நூலே எழுதினார்கள். நகரத்தின் வளர்ச்சியும் சேரியும் இரண்டு தனிக்கதைகள் ஆகமாட்டா என்பதே அந்தப் பார்வை சொல்வது. மலிவான இட்லி கிடைப்பதால் மலிவான சம்பளத்தில் ஆள் கிடைக்கிறார். அந்த மலிவை யாரோ தம் தூக்கத்தைக் கொடுத்து ஈடுகட்டுகிறார்கள்.

அதே சாலையில் கியோர்க் சிம்மல் வேறொன்றைப் பார்ப்பார். 1900இல் வந்த ‘பணத்தின் தத்துவம்’ நூலில், பணம் உறவுகளிலிருந்து சூட்டை எடுத்துவிடுகிறது என்று சொன்ன அவர், அதே பணம் மனிதரை விடுவிக்கவும் செய்கிறது என்றார். யாரிடம் வாங்குகிறோம் என்று பார்க்காமல் வாங்க முடிகிறது. யாருக்கும் கட்டுப்படாமல் விற்க முடிகிறது. தமிழர்களுக்கு இது சின்ன விஷயம் அல்ல. கிராமத்தில் யார் வீட்டுத் தண்ணீரை யார் குடிப்பார், யார் சமைத்ததை யார் தொடுவார் என்று ஒவ்வொரு வாய்க்கும் விதி இருந்தது. சைக்கிளில் வரும் இட்லியின் மேல் சாதி எழுதியிருக்கவில்லை. எந்தச் சாதி அவித்ததையும் எந்தச் சாதியும் தின்கிறது.

என் பார்வையில் இந்தப் பயணத்தின் மையம் இதுதான். அவித்தவளின் பெயர் அழிவதில் ஒரு விடுதலை இருக்கிறது, ஓர் இழப்பும் இருக்கிறது. பெயர் அழிந்ததால் தீட்டு அழிந்தது. அதே அழிப்பில் அவள் உழைப்பின் உரிமையும் அழிந்தது. மார்க்ஸை மட்டும் படித்தவர் விடுதலையைத் தவறவிடுவார். சிம்மலோடு நின்றவர் இழப்பைத் தவறவிடுவார். கோட்பாடுகள் பல வேண்டியிருப்பது இதனால்தான்.

இனி சைக்கிள் நிற்கும் இடத்துக்கு வருவோம். ஜார்ஜ் ஹெர்பர்ட் மீடின் சிந்தனையைத் தொடர்ந்த ஹெர்பர்ட் புளூமர் 1937இல் குறியீட்டு ஊடாட்டவாதம் என்ற பெயரைக் கொடுத்தார். மனிதர்கள் பொருள்களோடு நேரடியாகப் பழகுவதில்லை, அவற்றுக்குத் தாங்கள் தரும் அர்த்தத்தோடு பழகுகிறார்கள். அந்த அர்த்தம் ஒருவரோடொருவர் பேசிப் பழகுவதில் உருவாகிறது என்பது அதன் சாரம். எர்விங் காஃப்மன் ஷெட்லாந்து தீவில் ஒரு விடுதியைக் கூர்ந்து பார்த்து, பரிமாறும் கூடம் முன்மேடை, சமையலறை பின்மேடை என்று எழுதினார். துலக்கிய பாத்திரம், வெள்ளைத் துணி மூடி, அலுங்காமல் இட்லி எடுக்கும் விரல், மராத்தியில் ஒரு கேலி, இந்தியில் ஒரு நலவிசாரிப்பு, இவையெல்லாம் சைக்கிள்காரரின் முன்மேடை. பின்மேடை பல கிலோமீட்டர் தொலைவில், தாராவியின் ஓர் அறையில் இருக்கிறது.

அர்த்தம் எவ்வளவு விரைவாகப் புரளும் என்பதையும் பம்பாய்த் தமிழர்கள் அறிவார்கள். 1966 ஜூனில் சிவசேனா தொடங்கப்பட்ட பிறகு, வேலைகளைப் பறிப்பவர்கள் என்று தென்னிந்தியர் குறிவைக்கப்பட்டார்கள். உடுப்பி ஹோட்டல்கள் தாக்கப்பட்டன. லுங்கி கேலிக்கும் மிரட்டலுக்கும் உள்ளானது. அதே இட்லி, அதே அண்ணா, ஆனால் பார்க்கும் கண் மாறிவிட்டது. இன்றும் சைக்கிள்காரருக்கு மாநகராட்சி வண்டியைக் கண்டதும் ஓட வேண்டியிருக்கிறது. 2014இல் தெருவோர வியாபாரிகள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. விற்பனைச் சான்றிதழ் கையில் இல்லாதவருக்கு அந்தச் சட்டம் இன்னும் தொலைவில்தான் இருக்கிறது.

மாட்டுங்காவில்

தாராவியிலிருந்து ரயில் பாதையைத் தாண்டினால் மாட்டுங்கா. 1896 பிளேக்குக்குப் பிறகு 1898இல் அமைந்த பம்பாய் மேம்பாட்டு டிரஸ்ட், தாதர், மாட்டுங்கா, சயான் பகுதிகளைத் திட்டமிட்டு மனைபிரித்தது. அங்கே எழுந்த அடுக்குமாடிகளில், அலுவலக வேலைக்கு வந்த பாலக்காடு, தஞ்சைப் பக்கத்துப் பிராமணக் குடும்பங்கள் குடியேறின. 1932இல் தென்னிந்தியக் கல்விச் சங்கத்தின் பள்ளி வந்தது. வரலாற்றாசிரியர் நிகில் ராவ் இந்தப் புறநகர்களைப் பற்றிய நூலில் ஒன்றைக் காட்டுகிறார்: தமிழர், கன்னடர், மலையாளி என்று வந்தவர்கள் ஒரே மாதிரி வீடு, ஒரே கடைத்தெரு, ஒரே சபா என்று வாழ்ந்து, பம்பாயில்தான் ‘தென்னிந்தியர்’ ஆனார்கள்.

இட்லி இங்கே மேசை ஏறியது. 1940இல் கஃபே மெட்ராஸ், 1942இல் ஏ. ராமா நாயக் தொடங்கிய உடுப்பி ஸ்ரீ கிருஷ்ணா போர்டிங். தாராவிச் சைக்கிளில் வந்த அதே அரிசியும் உளுந்தும்தான். இங்கே அதற்கு மரபு உண்டு, வரிசை உண்டு, ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் உண்டு, பத்திரிகையில் கட்டுரை உண்டு.

இந்த வேறுபாட்டைப் பணத்தால் மட்டும் விளக்க முடியாது. மாக்ஸ் வெபர் வர்க்கத்தையும் சமூக மதிப்பையும் பிரித்துப் பார்க்கச் சொன்னது இதற்குத்தான். வர்க்கம் என்பது சந்தையில் ஒருவரின் நிலை. மதிப்புக் குழு என்பது யாரோடு உண்கிறார், யாரோடு மணம் செய்கிறார், எதை நல்ல வாழ்க்கை என்று கருதுகிறார் என்பது. இந்தியச் சமயங்களைப் பற்றிய நூலில் வெபர் ஒரே பந்தியில் உண்பதற்கு மிகப் பெரிய இடம் கொடுத்தார். அந்தியோக்கியாவில் யூதரும் பிறரும் சேர்ந்து உண்டதில்தான் மேற்கில் நகரக் குடியுரிமை கருக்கொண்டது என்பது அவர் வாதம். அந்தக் கண்ணோடு பார்த்தால், யார் வேண்டுமானாலும் காசு கொடுத்து அருகருகே உட்காரும் ஹோட்டல் மேசை ஒரு பெரிய சமூக நிகழ்வு. சென்னையில் 1957இல் ஹோட்டல் பெயர்ப்பலகையில் இருந்த ‘பிராமணாள்’ என்ற சொல்லை அழிக்கப் பெரியார் நடத்திய போராட்டம் அதே மேசைக்கான போராட்டம்தான்.

வீட்டுக்குள் வேறு கதை. பரிமாறும் வரிசை, மிச்சம், யாருக்கு முதல் இலை என்பதில் எல்லாம் அதிகாரம் இயங்குவதை அப்பாதுரை தமிழ்ப் பிராமண வீடுகளை வைத்து 1981இல் ஆராய்ந்தார். கீழ்ச்சாதியாகக் கருதப்பட்டவர்கள் மேல்சாதியின் உணவையும் சடங்கையும் எடுத்துக்கொண்டு படியேறப் பார்ப்பதைச் ‘சமஸ்கிருதமயமாதல்’ என்று விளக்கிய எம். என். ஸ்ரீநிவாஸ், பம்பாயில் ஜி. எஸ். குர்யேயிடம் படித்தவர். அந்தக் கோட்பாட்டுக்குத் தாராவி சொல்லும் பதிலும் உண்டு. பம்பாய்க் குடிசைப்பகுதி ஒன்றில் வாழ்ந்த ஆதிதிராவிடர்களின் அரசியல் திரட்சியைப் பற்றி ஓவன் லிஞ்ச் 1974இல் எழுதினார். மேலே இருப்பவரைப்போல ஆகப் பார்ப்பது ஒரு வழி. ஒன்றுசேர்ந்து உரிமை கேட்பது இன்னொரு வழி.

செம்பூரில்

1950களில் டிராம்பேயில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளும் அணு ஆராய்ச்சி நிலையமும் பிறகு உர ஆலையும் வந்தபோது, தமிழ்க் குடும்பங்களின் அடுத்த ஊர் செம்பூர் ஆனது. மாட்டுங்காவில் இடம் போதாதவர்களும் புதிதாக வேலைக்கு வந்தவர்களும் அங்கே சேர்ந்தார்கள். செம்பூருக்கு அடுத்த தேவனாரில் டாடா சமூக அறிவியல் கழகம் இருக்கிறது. 1936இல் தொடங்கி 1954இல் தேவனாருக்கு வந்தது. துர்கைமும் வெபரும் மார்க்ஸும் பாடமாகும் வகுப்பறைகள் இட்லிச் சைக்கிள் போகும் வழியில்தான் இருக்கின்றன.

அந்தப் பாடங்களுக்கு இப்போது உடனடி வேலை வந்திருக்கிறது. 2022 நவம்பரில் தாராவி மறுசீரமைப்பு ஏலத்தை அதானி குழுமம் வென்றது. திட்ட நிறுவனத்தில் அதற்கு 80 சதவீதம், மாநில அரசுக்கு 20 சதவீதம். 2000 ஜனவரி 1க்கு முன்பிருந்து தரைத்தளத்தில் இருப்பவர்களுக்குத் தாராவிக்குள்ளேயே 350 சதுர அடி வீடு; மேல்தளத்தில் இருப்பவர்களுக்கும் பின்னால் வந்தவர்களுக்கும் தாராவிக்கு வெளியே இடம் என்பது திட்டம். நல்ல வீடும் சொந்தக் கழிவறையும் தாராவிக்காரர்கள் பல தலைமுறையாகக் கேட்டுவந்த உரிமை. அதை யாரும் குறைத்துப் பேசக்கூடாது.

ஆனால் வீடு ஒரு பட்டியல், தொழிற்கூடம் ஒரு பட்டியல் என்று எண்ணினால் இட்லி அவிக்கும் அறை எதில் சேரும்? மயினி என்று கூப்பிடும் ஊர்க்காரர்கள் வெவ்வேறு கட்டடங்களுக்குச் சிதறினால் அந்த உறவின் நம்பிக்கை என்னவாகும் என்பது துர்கைமின் கேள்வி. நிலத்தின் விலை யார் கைக்குப் போகிறது என்பது மார்க்ஸின் கேள்வி. பத்தாவது மாடியில் பின்னிரவில் கிரைண்டர் ஓடினால் அண்டைவீட்டார் அதை உழைப்பு என்பார்களா, தொல்லை என்பார்களா என்பது புளூமரின் கேள்வி. வீட்டுப் பத்திரம் யார் பெயரில், இட்லி அவிப்பவளின் தொழில் எந்தத் தாளில் என்பது மீஸின் கேள்வி. யாரைத் தள்ளி வைப்பது பழைய அடுக்கையே புதிய கட்டடத்தில் கட்டுவதாகும் என்பது அம்பேத்கரின் கேள்வி.

பம்பாய்ப் பல்கலைக்கழகத்தின் சமூகவியல் துறை 1919இல் தொடங்கியபோது அதன் முதல் தலைவர் பேட்ரிக் கெட்டிஸ். அதற்குமுன் 1915இல் அவர் தஞ்சாவூரை நடந்து பார்த்தார். நெரிசலைக் குறைக்க நேர்த்தெருக்கள் போட்டு வீடுகளை வரிசையாக இடிக்கும் யோசனைக்கு மாற்றாக, குறைந்த இடிப்பில் காற்றும் வெளிச்சமும் வரும் வழியை வரைந்து காட்டினார். முதலில் பார், கேள், புரிந்துகொள். பிறகே, அறுவை மருத்துவரைப்போல, கத்தியை எடு என்பது அவருடைய முறை. அந்த முறையில் பிறந்த படிப்புக்கு நூறாண்டு கடந்துவிட்டது. தாராவியில் வீடு வீடாகக் கணக்கெடுப்பவர்களின் படிவத்தில், இந்த வீட்டில் பின்னிரவில் என்ன வேலை நடக்கிறது, அதை யார் செய்கிறார்கள் என்று ஒரு வரி சேர்ந்தால், அவித்தவளின் பெயர் முதல்முறையாக நகரத்தின் ஏட்டில் ஏறும். சமூகவியல் படித்தவர்கள் கேட்டு வாங்க வேண்டியது அந்த வரியை.